பல்ராம் பதியாத சொல்

அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது பத்தே சொற்கள்தாம், சைபர் முதல் ஒன்பது வரை. ஏழு வருடத்துக்கு முன்னால் பல்ராம் தன் குரலில் பதிந்து வைத்தவை. பதினோராவதாக ஒரு சொல் ரேடியோவில் வந்தபோது, தம்பி தேவேந்திரா வேனை ஓரங்கட்டினான்.

"கீழே," என்றது அண்ணனின் குரல். "ரெண்டு."

அமெச்சூர் ரேடியோ பித்துப் பிடித்த பல்ராம் பலூனில் அனுப்பக் கட்டிய பெட்டி அது. போன டிசம்பரில் தீவில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வரும் திங்கட்கிழமை குடும்பமே பிரிஸ்பேனுக்குக் குடிபோகிறது. அதற்குள் பெரியவனின் பெட்டியைப் பறக்கவிட்டே ஆகவேண்டும் என்று அம்மா அஞ்சலை ஒற்றைக்காலில் நின்றாள். காலையில் சவேனி கடற்கரையில் புது பலூனில் கட்டி விட்டார்கள். எத்தனை மீட்டர் உயரம் என்று நிமிடத்துக்கொரு தடவை சொல்லிக்கொண்டே ஏறிய பெட்டி, பலூன் வெடித்ததும் பா ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டது.

அதைத் தேடிப்போகும் வேனில் அம்மா ரேடியோவை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

"என்னமா எண்ணுறான் பாரு. கனடாலேருந்து ஒரு கடுதாசி போடத்தான் கை வரல."

கனடா தேவேந்திரா சொன்ன பொய். இரண்டாயிரமாவது வருடம் ஆட்சி கவிழ்ந்த வாரம், அந்தி மயங்கும் நேரம், கொள்ளைக் கும்பல் வீடு வீடாக வந்தபோது பல்ராம் வெளியே மாட்டிக்கொண்டான். கதவை மூன்று முறை தட்டினான். "தேவா, தெறடா." உள்ளே தேவேந்திரா கதவில் முதுகைச் சாய்த்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வெட்கம் இன்றுவரை ஆறவில்லை. அதன்பின் பல்ராமைக் காணவில்லை; விடிந்ததும் அம்மாவிடம், அண்ணன் கனடாவுக்குப் போய்விட்டான் என்றான். அம்மா நம்பினாள்.

சமிக்ஞை அவர்களை இழுத்து வந்தது பக்கத்து வீட்டு வீரசாமியின் கரும்புத் தோட்டத்துக்கு. வீரசாமி ஆக்லாந்து போனதிலிருந்து வெட்டுவாரில்லாமல் ஆளுயரத்துக்கு மேல் புதர் மண்டிய தோட்டம். காற்றில் மில்லின் கருகிய சர்க்கரை வாடை. தோகைகள் ஒன்றோடொன்று உரசின. அம்மாவை வேனிலேயே விட்டுவிட்டு, ரேடியோவும், சமிக்ஞை வரும் திசையைக் காட்டும் கை ஆண்டெனாவுமாக அவன் உள்ளே நுழைந்தான்.

தோட்டத்தின் நடுவே மாமரம். கிளையில் ஆரஞ்சுப் பாரசூட், அதன் அடியில் பெட்டி. எட்டி இழுத்தான். பேட்டரிக் கம்பி அறுந்து தொங்கியது.

பெட்டி செத்துப்போயிருந்தது.

"கீழே," என்றது ரேடியோ. "ரெண்டு."

ஆண்டெனாவைப் பெட்டிப் பக்கம் திருப்பினான். இரைச்சல். மேலே, மரத்துக்கு. இரைச்சல். கரும்புப் பக்கம். அதுவும் இரைச்சல். கை சோர்ந்து ஆண்டெனா மண்ணைப் பார்த்துத் தாழ்ந்தது.

குரல் தெளிவாக, காதோரத்தில் பேசுவதுபோல் வந்தது.

"கீழே. ஒண்ணு."

ஓட நினைத்தான். தோகைகளின் சத்தம் நின்றிருந்தது.

"சைபர்."

செருப்புக்கு அடியில் ஒரு தட்டு. இன்னொன்று. மூன்றாவது.

கரும்பை விலக்கிக்கொண்டு அம்மா வந்து நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெறடா தேவா," என்றாள். "பெரியவன் எவ்ளோ நேரமா தட்டுறான்."

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு கால்களுக்கும் நடுவே மண் பிளந்திருந்தது. முட்டி மடக்கிய ஒரு கை வெளியே வந்து, அவன் காலைத் தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக மறுபடியும் தட்டத் தொடங்கியது.