துடுப்புக்குப் போன வலி

நெற்றிப்பட்டையை மாட்டியதும் பச்சையம்மாளுக்குப் பிடரியிலிருந்து வலி இறங்கத் தொடங்கும். பகல் முழுக்க இரும்புப் பாண்டில் சிமெண்டுக் கலவை சுமந்த கழுத்து, கொஞ்ச நேரத்தில் யாருடைய கழுத்தோ போல லேசாகிவிடும்.

“எங்கடி போவுது இந்த வலியெல்லாம்?” என்பாள் பக்கத்துப் பெஞ்சு தெய்வானை.

“உன் மாமியாருக்குப் போவுது. பேசாம படி.”

தகரக் கொட்டகையே சிரிக்கும். கட்டடம் எழும்பும் இடத்திலேயே சித்தாள்களுக்காக வைத்த மாலைப் பள்ளி அது. சுவர் எழுப்ப இயந்திரம் வந்துவிட்டது. அது நுழையாத மூலைமுடுக்குக்கு மட்டும் இன்னும் இவர்கள் தலைதான் போயாக வேண்டும்.

இணைப்பள்ளி எஸ்தோனியாவில், கடலோரத்தில். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று ஜோடி. நடுவில் கற்றல்பாலம். இரண்டு பேரும் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டால் ஒருத்தி தெளிந்தது மற்றவளுக்கும் ஊறி வரும். தண்ணீரைப் பற்றி இரண்டு பள்ளியும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தன. அவர்கள் கடலைச் சொன்னார்கள். இவர்கள் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவதைச் சொன்னார்கள். முடி நரைக்கிற வயதில் பச்சையம்மாளுக்கு எழுத்து ஒட்டியது அப்படித்தான். வாசிப்புத் தேர்வில் தேறினால் சரக்கு லிஃப்ட் ஓட்டலாம். உட்கார்ந்த வேலை. பாண்டுக்கு ஒரு கும்பிடு.

அவளுடைய ஜோடி மார்யா, பள்ளிக்கூடப் பெண். காலையில் படகு வலிப்பாள், மத்தியானம் வகுப்புக்கு வருவாள். படகுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கும் துடுப்பு கனமா இருந்துச்சு, அக்கா,” என்றது மொழிமாற்றியின் குரல். ‘அக்கா’ மட்டும் மார்யா சொந்தமாகக் கற்றுக்கொண்டது.

“ஒழுங்கா சாப்புடறியா கண்ணு? முடியலன்னா சொல்லணும். எங்க செட்டுல பாண்டு கைக்குக் கை போவும். எவளுக்கு முடியலயோ அவ ‘கை மாத்து’ன்னு ஒரு சத்தம் குடுப்பா. பக்கத்துல இருக்கிறவ வாங்கிக்குவா. ஒருத்தியும் ஏன்னு கேக்க மாட்டா.”

“பரவாயில்ல அக்கா. சின்னக் களைப்புதான்.”

சத்தம் கொடுக்காதவளுக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். செட்டின் கணக்கு அது. பச்சையம்மாளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பிறகு மழை பிடித்தது. வேலை நின்றது. மூன்று நாளாகத் தங்கும் குடிசையில் படுத்துக் கிடந்துவிட்டு அலுப்பே இல்லாமல் வகுப்புக்குப் போனாள். மார்யாவின் குரல் துள்ளியது.

“ரெண்டு நாளா படகு பறக்குது அக்கா!”

பச்சையம்மாள் புத்தகத்தில் ஒரு படத்தைத் தேடிப் புரட்டினாள். இரண்டு குடத்தைக் குழாயால் இணைத்தால் தண்ணீர் சமமாகிற படத்தை அந்த வாரம்தான் புத்தகத்தில் சேர்த்திருந்தார்கள்.

வகுப்பு விட்டதும் இளவழகி டீச்சரைப் பிடித்தாள். “டீச்சர், அறிவு மட்டுந்தான் போவுதா? எங்க அலுப்பும் போவுதா?”

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு பக்கமும் சமமாக்கும்னு சொன்னாங்க. எதை எதைன்னு நானும் கேக்கல. இப்போ பட்டையைக் கழட்டுனா படிச்சதெல்லாம் தடுமாறிப் போவும் பச்சையம்மா. தேர்வு முடியட்டுமே.”

மழை விட்டது. பாண்டு மறுபடி தலைக்கு ஏறியது. மாலையில் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தெய்வானை, “என்ன, அதுக்குப் பொட்டு வைக்கப் போறியா?” என்றாள். பச்சையம்மாள் மாட்டிக்கொண்டாள். வலி இறங்கியது. அது இறங்குவது அன்றைக்குத்தான் அவளுக்குச் சத்தமாகக் கேட்டது.

தேர்வில் தேறினாள். பெயர் பொறித்த அட்டையைத் தானே வாசித்தாள். கொட்டகையில் மிட்டாய் கொடுத்தார்கள்.

“நானும் ஒரு சேதி சொல்லணும் அக்கா,” என்றாள் மார்யா. “படகை விட்டுட்டேன். என் உடம்பு அதுக்கு ஆகாதுன்னு பயிற்சியாளர் சொல்லிட்டாரு. அவர் சொன்னது சரிதான்.”

“சரியில்ல கண்ணு.” வாயிலிருந்த மிட்டாய் கசந்தது. “உன் உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ சுமந்தது என் பாண்டு.” மழை நாளில் புரிந்ததையும், புரிந்த பிறகும் பட்டையை மாட்டியதையும் மறைக்காமல் சொன்னாள்.

மொழிமாற்றி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரல் வந்தது.

“நான் ‘கை மாத்து’ன்னு சொல்லியிருக்கணுமா, அக்கா?”

பச்சையம்மாள் பெயர் பொறித்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது அவள் சரக்கு லிஃப்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பொத்தானை அழுத்துவதைத் தவிர வேலை இல்லை. அலுப்பு இல்லாதவள் பக்கம்தான் அலுப்பு வரும் என்பதால் மாலை வகுப்பை மட்டும் விடுவதில்லை. பட்டையை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, தோள்பட்டை கனக்கிறதா என்று காத்திருப்பாள். கனத்தால் மார்யா காலையில் துடுப்பு பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். மார்யா கடலைப் பற்றி ஏதாவது மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பாள். தோள் பஞ்சு போல இருக்கும்.

ஒரு மாலை வகுப்பு நேரத்தில் வெளியே, கூடுதல் நேரம் பார்க்கும் செட்டில் யாரோ கத்தினார்கள்: “கை மாத்து!”

மடியிலிருந்த அவளுடைய இரண்டு கைகளும் தாமாக முன்னே நீண்டன. அவற்றில் யாரும் எதையும் வைக்கவில்லை.