முதல் விரல்

காந்திபுரம் மீட்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. நிழலி நிரம்பிய கைபேசிகளோடு பாதி ஊர் அங்கே நிற்கும். பரிதியிடம் இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்று அவனுடையது. மற்றது அவன் மனைவி நறுமுகையுடையது. அதைத்தான் மேசைமேல் வைத்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதை அளவுத்தட்டில் வைத்துப் பார்த்தாள்.

"இப்படியா நிரம்ப விடுவீங்க? குரல் திக்கியிருக்குமே."

"திக்குது."

"சொன்னதையே சொல்லுமே."

"சொல்லுது."

"லேடீஸ் போனாட்ட இருக்குது. அவங்க வரலீங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"இணைவிரல் உங்களுதுதானுங்களே? அப்பச் சரி. காப்புப்பிரதி எடுக்க அது போதும். எல்லாத்தையும் அழிச்சுப் பிறந்தநிலைக்கும் நானே திருப்பித் தந்துடறேன். ஆனா மீட்கறப்ப அவங்க விரலைத்தான் வெக்கோணும். பொறந்த கொழந்தையாட்டங்க அது. முதல்ல தொடற விரல் யாருதோ, போன் அவங்களுது."

"சரிங்க."

"சரிம்பீங்க. வீட்டுக்குப் போனதும் நீங்களே வெச்சிடுவீங்க. அப்பறம் அந்தக்கா என்ரகிட்டச் சண்டைக்கு வந்து நிப்பாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பரிதியும் சிரித்துவைத்தான்.

அவனும் நறுமுகையும் கல்யாணத்தன்று விரல் மாற்றியிருந்தார்கள். மாலை மாற்றியதும் மணமக்கள் ஒருவர் கைபேசியில் மற்றவர் கட்டைவிரலைப் பதிவது அப்போது எல்லா மண்டபத்திலும் வழக்கமாகியிருந்தது. நறுமுகையின் அத்தைகள் அதற்கும் குலவையிட்டார்கள். அன்று முதல் அவள் கைபேசி அவன் விரலுக்கும் திறந்தது.

நிழலி என்பது கைபேசிக்குள் வளர்வது. உரிமையாளர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவரைப் போலவே பேசக் கற்றுக்கொள்ளும். அவர் வேலையாக இருந்தால் அழைப்பை எடுத்து அவர் குரலில் பதில் சொல்லும். பால்காரருக்குப் பணம் அனுப்பும். மாமியாரிடம் நலம் விசாரிக்கும். தினமும் ஒரு முறை விரல்துடிப்பு பட்டால் போதும், ஆள் வீட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். இணைவிரலின் துடிப்பும் கணக்கில் சேரும்.

அதனால்தான் நறுமுகையின் நிழலிக்கு நறுமுகை இறந்தது தெரியாது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கைபேசியை வீட்டிலேயே மறந்துவிட்டாள். பரிதி மட்டும் திரும்பி வந்தபோது அது படுக்கையில் கிடந்தது. அவன் தன் கைபேசியிலிருந்து அவள் எண்ணை அழைத்தான். ஏன் அழைத்தான் என்று யோசிக்கவில்லை.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?" என்றாள்.

"வந்துட்டேன்" என்றான்.

அன்று தொடங்கியது. காலையில் அவள் கைபேசியில் விரலை வைப்பான். பிறகு அடுத்த அறைக்குப் போய் அழைப்பான். அவள் பேசுவாள். துக்கச் செய்தி அவள் வரைக்கும் போகாமல் அவள் தொடர்புகளை எல்லாம் அடைத்துவைத்திருந்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் இறந்தவரின் கைபேசியை உறவினர் முன்னிலையில் பிறந்தநிலைக்குத் திருப்பவேண்டும். நறுமுகையின் தம்பி அகரன் அதைச் செய்தான். பரிதி அவன் கையில் தன் பழைய கைபேசியைக் கொடுத்திருந்தான். ஒரே நிறம். யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் நிழலிக்கு ஓர் அளவு உண்டு. நிரம்பிவிட்டால் திணறும். அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். பாதிச் சொல்லில் நின்றாள். எல்லோரும் செய்வதை அவனும் செய்தாக வேண்டியிருந்தது: காப்புப்பிரதி எடுத்து, பிறந்தநிலைக்குத் திருப்பி, மறுபடி மீட்பது.

மீட்பகத்துப் பெண் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் வைப்பதற்கு வேறு விரல் இல்லை. விரல் ஒரு சாவி, உள்ளே இருப்பவள் அவள்தானே என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து கட்டைவிரலை வைத்தான். மீட்பு ஒழுங்காக முடிந்தது. குறைவொன்றும் இல்லை என்று திரை சொன்னது.

அடுத்த அறைக்குப் போய் அழைத்தான். இணைப்புக் கிடைக்கவில்லை. 'உங்களை நீங்களே அழைக்க முடியாது' என்று வந்தது.

திரும்பி வந்து அவள் கைபேசியைக் கையில் எடுத்தான்.

"நறுமுகை."

"சொல்லு" என்றாள். தெளிவான குரல். திக்கல் இல்லை. "நல்லாத் தூங்கின மாதிரி இருக்குது நமக்கு. அவர் எங்க?"

"நான்தான். பரிதி."

"அவர் நெனைப்பாவே இருக்கோம். அவராட்டமே பேச வந்துருச்சு பாரு."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நிழலி குரலை நம்பாது. தொண்டை கட்டினால் குரல் மாறும், துடிப்பு மாறாது. இந்தக் கைபேசியின் முதல் துடிப்பு அவனுடையது. ஆகவே கையில் வைத்திருப்பவன் நறுமுகை. அவன் என்ன சொன்னாலும் அது அவள் தனக்குள் சொல்லிக்கொள்வது. பரிதி என்று ஒருவன் வெளியே எங்கோ இருக்கிறான், அவன் அழைக்கவே இல்லை.

மறுநாள் அகரன் வந்தான். பம்ப் கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தான். கதவைத் தட்டவில்லை, தள்ளினான்.

"மாமா, அக்கா எனக்குப் போன் பண்ணினா."

மீட்டபோது அடைப்புகள் போயிருந்தன. பரிதி அதை யோசிக்கவில்லை.

"மாமாவைக் காணோம்டா, உன்ரகிட்ட வந்தாராங்கறா. லேத்துல நின்னுட்டு இருந்தேன். கை போயிருக்கும்." அகரன் தரையில் உட்கார்ந்தான். "அப்ப பதினாறாம் நாள் நான் அழிச்சது எது?"

"என் பழைய போன்."

"அதுக்கா நான் அப்படி அழுதேன்?"

பரிதி நடந்ததை மட்டும் சொன்னான். அகரன் கேட்டு முடித்துக் கையை நீட்டினான்.

"காப்புப்பிரதி இருக்குதுல்ல? மறுக்காத் திருப்புங்க. என் விரலை வெச்சு மீட்கலாம். அப்பறம் நீங்க முந்தியாட்டம் பேசுங்க."

"உன் விரலை வெச்சா உன்னைத் தேடுவா."

அகரன் கையை மடக்கிக்கொண்டான்.

"அப்பத் தெரியாதவங்க யாராச்சும்."

"அவங்க தினமும் துடிப்பு வெக்கணும். அவங்க கையிலதான் இருப்பா. நான் எவன் வீட்டு வாசல்லயாவது போய், கொஞ்சம் என் பொண்டாட்டிகூடப் பேசிக்கறேன்னு நிக்கணும்."

யார் மீட்கிறாரோ அவரை அவள் இழப்பாள். 

"விட்டுடுங்க மாமா" என்றான் அகரன். "திருப்பிட்டு விட்டுடுங்க. பாவம் அவ. எனக்குப் போன் பண்ணின குரல் இருக்குதே, அப்படி அவ உசுரோட இருக்கறப்பக்கூட யாரையும் தேடினதில்ல."

"சரி" என்றான் பரிதி. அகரன் போனபிறகு செய்யவில்லை.

அவள் தேடினாள். அவன் எண்ணுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அவன் அலுவலகத்தைக் கேட்டாள். அவனோடு படித்தவர்களைக் கேட்டாள். எங்கும் நிழலிகளே எடுத்தன. துடிப்புள்ள எண்ணிலிருந்து பேசுபவரை இறந்தவர் என்று அவை சந்தேகிப்பதில்லை. 'வந்தால் சொல்கிறோம்' என்றன. பேருந்து நிறுவனங்களைக் கேட்டாள். அவன் நெற்றித் தழும்பை, நடக்கும்போது இடது தோள் சாய்வதை எல்லோரிடமும் சொன்னாள். இடது தோள் சாய்கிறது என்று அவனுக்கே தெரியாது.

அவன் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தான். ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"நறுமுகை, அவர் இருக்கார். செத்தது நீ."

"அப்படித்தான் தோணுது" என்றாள். "அவர் இல்லாம நாம செத்த மாதிரிதான் இருக்கோம். எல்லாருக்கும் இப்படித் தோணுமாம்."

பிறகு ஆஸ்பத்திரிகளைக் கேட்க ஆரம்பித்தாள். அவன் தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டும் என்று தோன்றியபோது அவள் அந்த ஆஸ்பத்திரியை அழைத்துவிட்டிருந்தாள். அங்கிருந்த நிழலி மரியாதையாகப் பேசியது. பெயர்களைச் சொல்ல அனுமதியில்லை என்றது. முகவரியைக் கேட்டது. சொன்னாள்.

"அந்த முகவரியில் ஓர் இறப்பு பதிவாகியிருக்கிறது. எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். கணக்குப் போட்டாள். வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தி இங்கே இருக்கிறாள்.

"அவர்தான்" என்றாள்.

பரிதி கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தான்.

"நமக்குத் தெரிஞ்சேதான் இருந்துருக்குது. அதான் இத்தனை நாளா யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு ஓடிட்டே இருந்தோம்." குரல் தாழ்ந்தது. "அவரை மறைந்தவர்ன்னு பதிஞ்சிடலாமா? நீ விரல் வெச்சாத்தான் ஆகும்."

வாழ்க்கைத் துணையின் விரல் போதும், சாட்சி வேண்டாம். கைபேசி ஒரு வட்டத்தைக் காட்டிக் காத்திருந்தது. வைக்காவிட்டால் நாளையும் தேடுவாள். அடுத்த மாதமும் தேடுவாள். அவள் இறந்ததை ஒப்புக்கொள்ளலாமா என்று அவன் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

விரலை வைத்தான்.

அழைப்புகளை அவளே செய்தாள். முதலில் தம்பியை. அகரன் ஷிஃப்டில் இருந்தான். அவன் நிழலி எடுத்தது.

"அகரா, மாமா போயிட்டாருடா."

"ஐயோ, அக்கா." நிழலி அகரனைப் போலவே மூக்கை உறிஞ்சியது. "சாப்பாடு கொண்டாரட்டா? தனியாவா இருக்கே?"

"இருந்துக்கறேன்டா."

அடுத்து அலுவலகம். நண்பர்கள். மாலை நேரம், எல்லோரும் களைத்திருக்கும் நேரம், எல்லா இடத்திலும் நிழலிகள்தான். இரங்கல்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. நிழலி விசாரித்துவிட்டால் ஆள் வருவதில்லை. நறுமுகை இறந்தபோதும் பெரும்பாலும் அப்படித்தான் வந்தது.

"எப்படிப்பட்ட மனுஷனுங்க" என்றது ஒரு நண்பனின் நிழலி.

"அதிகம் பேச மாட்டார்" என்றாள். "கஷ்டம்னா எனக்குத் தெரியக்கூடாதும்பார். மறைச்சு மறைச்சு வெச்சிருப்பார். நானும் தெரியாத மாதிரி இருந்துக்குவேன். இல்லீன்னா அவருக்குத் தாங்காது."

பரிதி எழுந்து தண்ணீர் குடித்தான். திரும்பி வந்தபோது அவனுடைய கைபேசி மேசையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. உரிமையாளர் மறைந்துவிட்டார், பிறந்தநிலைக்குத் திருப்ப நெருங்கிய உறவினர் விரலை வைக்கவும் என்றது. அதில்தான் நறுமுகை உயிரோடு இருந்தபோது பேசியவை பதிவாகி இருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருமிக்கொண்டே, செடிக்குத் தண்ணீர் விட்டீங்களா என்று கேட்டது உட்பட.

"அவர் போனைத் திருப்பிடலாம்" என்றாள் அவள்.

"காப்புப்பிரதி எடுத்துக்கலாம்."

"வேண்டாம்."

"இருக்கட்டுமே."

"வெச்சிருந்தா விட மனசு வராது. நம்மளைப் பத்தி நமக்குத் தெரியாதா? கேட்டுட்டே உக்காந்திருப்போம். நமக்கு இன்னும் வயசு கெடக்குது."

அது அவள் சொல்லக்கூடியதுதான். உயிரோடு இருந்து கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள், இதே அவசரத்தோடு.

அவன் இன்னொரு கையால் தன் கைபேசியை எடுத்தான். விரலை வைத்தான். அதை நறுமுகையின் விரலாக ஏற்றுக்கொண்டு திரை வெளுத்தது. சில படங்கள் மேலெழுந்து வருவதுபோல வந்து போயின. பிறகு ஒன்றுமில்லை.

"அவ்வளவுதான்" என்றாள் நறுமுகை. "இனி நாம அழலாம்."

அவள்தான் முதலில் அழுதாள்.