சிவப்பு கிளிப்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் சலவைக் கடைச் சண்டையை மட்டும் கேட்கவே வேண்டாம். அது தானாகவே தெருமுனைவரை நடந்து வந்துவிடும்.

கடையின் பின்னறையில் அந்த வீட்டுச் சிறுமியின் அப்பா மெஷின் போட்டுத் துணி வெளுப்பார். முன்னறையில் அவளுடைய அத்தை இஸ்திரி போடுவாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இரண்டு அறைக்கும் நடுவில் நாலைந்து படிகள். பள்ளி விட்டு வந்ததும் அந்தப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவள்தான் அந்தச் சிறுமி, அப்பாவின் ஒரே பெண். சத்தமே போடாமல் சுவரோரம் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பாள். அதனால் அத்தை அவளுக்கு வைத்த பெயர் பல்லி.

முன்பு அந்தக் கடையில் பல்லியின் அம்மாவும் இருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

"அவங்க கடையில என்ன வேலை பார்த்தாங்க?" என்று யாரைக் கேட்டாலும், "துணி மடிப்பாங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்.

இந்த வருடமும் மழை வந்தது. கூடவே பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டும் வந்தது. அதில் ஒரு டீக் கறை. ஒருமுறை வெளுத்தும் போகவில்லை. அது தெரியாமல் அத்தை சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து நன்றாக அழுத்திவிட்டாள். கறைமேல் சூடு பட்டால் அவ்வளவுதான். அப்புறம் அது துணியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

"இஸ்திரி போடறவ பாக்க வேணாமா?" அப்பா கத்தினார்.

"வெளுக்கிறவன் சொல்ல வேணாமா? இந்த ஆவியில மூக்குக்கண்ணாடியெல்லாம் மூடிக்குது. எனக்கு நெத்தியிலயா கண்ணு இருக்கு?" அத்தையும் கத்தினாள்.

"கறை இருக்குன்னு சொன்னேனே!"

"யார்கிட்ட? மெஷின்கிட்டயா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா துணிக்கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போவார். அத்தை வந்து எடுத்துக்கொள்வாள். அப்பா பின்னறையில் சாப்பிட்டார். அத்தை இஸ்திரி மேசையின் ஓரத்தில் சாப்பிட்டாள். பல்லி நடுவில், படியில் சாப்பிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவரின் முதுகுதான் தெரிந்தது.

ஒரு நாள் அத்தை தன் துணிப்பெட்டியைத் தூசி தட்டினாள்.

"எங்க போறீங்க அத்தை?"

"வேற ஊர்ல ஒரு ஹோட்டல். அங்க இஸ்திரி போட ஆள் கேட்டிருக்காங்க. சனிக்கிழமை கிளம்பறேன்."

"நான்?"

அத்தை கண்ணாடியைத் துடைத்தாள். அப்போது இஸ்திரிப் பெட்டி சூடாகவே இல்லை; ஆவியும் இல்லை.

அன்று பல்லி வீட்டுப்பாடம் எழுதவில்லை; அவளே பிறகு என்னிடம் சொன்னது இது. படியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஈரச் சட்டையை உதறினார். காலரில் ஏதோ கறை. "இது போகலையே" என்று சொன்னார். நிஜமாகவே சொன்னார்! ஆனால் மெஷின் போட்ட சத்தத்தில் அது அவருடைய மூக்கைக்கூடத் தாண்டவில்லை. சட்டையைக் கொடியில் போட்டார். அது காய்வதற்குள் கறையை மறந்துபோனார்.

பல்லிக்கு அம்மா கூடை தூக்கிக்கொண்டு படியேறுவது ஞாபகம் வந்தது. ஒரு கை கூடையில் இருக்கும். இன்னொரு கை ஏதாவது ஒரு சட்டையைப் பிடித்திருக்கும். கறை இருக்கும் இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தபடியே அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்.

அம்மா கடையில் இருந்தது துணி மடிக்க மட்டும் இல்லை.

கொடியில் மாட்டும் கிளிப்புகள் ஒரு டப்பாவில் கிடந்தன. பல்லி அதில் சிவப்பாக ஒன்றைத் தேடி எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். இரண்டு விரல் கிள்ளுவது போலவே இருந்தது. அந்தச் சட்டையின் காலரில், கறைமேல், அதை மாட்டினாள். சட்டை துணிக்கூடையோடு அத்தையிடம் போனது.

"யாரு இங்க கிளிப்பை விட்டது?" அத்தை எரிச்சலோடு அதைப் பிடுங்கப் போனாள். அப்புறம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். சட்டையைக் கிளிப்போடு கூடையில் போட்டுப் படியில் வைத்தாள்.

"திருப்பி அனுப்பறாளா? என்னையேவா?" அப்பா பொங்கினார்.

"அப்பா, கிளிப் இருக்கற இடத்தைப் பாருங்க."

அப்பா பார்த்தார். கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பல்லியைப் பார்த்தார். போய் அந்தக் காலரை மறுபடி ஊறவைத்தார். சாயங்காலம் கறை போயிருந்தது.

மறுநாள் அப்பா தானே சிவப்பு கிளிப்பை மாட்டினார். அதற்கடுத்து, பட்டன் இல்லாத சட்டை ஒன்று பச்சைக் கிளிப்போடு அத்தையிடமிருந்து வந்தது. அப்பா பட்டன் தைத்து அனுப்பினார். கிளிப்புகள் படியில் ஏறின, இறங்கின. ஒரு துணியும் கெடவில்லை. ஆனால் பேச்சு? அதுதான் இல்லை. கிளிப் எவ்வளவுதான் பேசும்!

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மழை. நான் வேறு வேலை இல்லாமல் ஜன்னலில் நின்றேன். (வேறு வேலை இருந்தது. செய்யவில்லை.)

அத்தை குடையை எடுத்தாள். துணிப்பெட்டியைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்பு கிளிப்.

"பல்லி! இது உன் வேலைதானே?"

"நான் இல்ல அத்தை. சத்தியமா நான் இல்ல."

அத்தை பின்னறைப் பக்கம் பார்த்தாள். அங்கே தெரிந்த முதுகு திரும்பவே இல்லை. ஆனால் காது மட்டும் சிவந்திருந்தது.

அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அதைக் கொண்டுபோய் மெஷினுக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"கறை இருக்குன்னு கிளிப் போட்டிருக்க. சரி, வெளுத்துக் குடு!"

மெஷின் சத்தத்தில் அவளும் கத்த வேண்டியிருந்தது. அப்பா கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

அடடா, எவ்வளவு அமைதி! எனக்கே எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"சொல்லியிருக்கணும்கா," என்றார் அப்பா, மெதுவாக. "அவ இருந்தவரைக்கும் நான் வாய்க்குள்ள சொன்னா போதும். அவ வந்து உன்கிட்ட சொல்லிடுவா."

அத்தை ஈரத் தரையில் வைத்த பெட்டிமேலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள் என்று சொன்னால் அவர்கள் மறுப்பார்கள். நான் பார்த்தேன்.

"ஹோட்டல்காரனுக்கு யார் பதில் சொல்றது?" அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நான் பேசறேன்."

"நீ பேசினா மெஷின்கிட்டதான் பேசுவ. நானே பேசிக்கறேன்."

மழை விடவில்லை. கொடியில் துணி எதுவும் காயவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நிற்கிறது. மூன்று பேரும் படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மெதுவாகப் பேசுகிறார்கள், எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.