முப்பத்து மூன்றாவது சுரம்

பதினாறாவது சானலின் பச்சை விளக்கு ஒரு முறை மினுக்கி அணைந்தது.

அந்தச் சானலில் அவள் எதையும் வைத்திருக்கவில்லை. மேசை மேல் இருந்த கறுப்பு சாம்ப்ளர், பதிவு செய்து கொடுத்த எந்தச் சத்தத்தையும் சுரமாக்கி வாசிக்கும். பதினாறு சானல்களில் பதினாறு விதமான சத்தங்களை ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று கலக்காமல் வாசிக்கும். சானலுக்கு ஒரு விளக்கு. அவள் பயன்படுத்தியது ஐந்தைத்தான். மற்றவை இருண்டு கிடக்க வேண்டும்.

பின்பக்கக் கேபிளை அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

வானொலி நாடகம் ஒன்றுக்குப் பின்னணி இசை கேட்டிருந்தார்கள். ஆள் அரவமில்லாத வீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. வீட்டின் சத்தங்களையே இசையாக்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் சானலில் கூடத்து மின்விசிறி. இரண்டாவதில் ஃப்ரிட்ஜின் உறுமல். மூன்றாவதில், பாட ஆள் கூப்பிடக் கூச்சப்பட்டு, அவளே முனகிய ஒரு ‘ம்’. நான்காவதில் மதியத் தூக்கத்தில் அப்பா விடும் மூச்சு. ஐந்தாவதில் வயலின்கள்.

சற்று முன் சாப்பிட்டுக் கை துடைத்தபடி அப்பா அறைவாசலில் நின்றது நினைவுக்கு வந்தது.

“விஞ்ஞானி, என் குறட்டையப் பதிவு பண்ணிட்டியா?”

“குறட்டை இல்லப்பா. மூச்சு.”

“ரெண்டும் ஒரே மூக்குலதானே வருது. நாடகத்துல பேர் போடுவாங்களா?”

“போடுவாங்க. மூக்கு உதவின்னு.”

“இனிஷியலோட போடச் சொல்லு. வேற எவனாவது என் மூக்குன்னு சொல்லிட்டுத் திரியப்போறான்.”

சிரித்துக்கொண்டே படுக்கப் போனார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவளோடு பேசும் ஒரே குரல் அது. வெளியே அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

வீட்டின் நான்கு சத்தங்களையும் தாளக் கட்டத்துக்குக் கட்டம் புதிதாகத் தட்டாமல், அடுத்தடுத்துத் தொடங்கிக் கடைசி வரை அழுத்திப் பிடித்த நீளச் சுரங்களாக வைத்திருந்தாள். இந்த வேலை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். பெட்டியால் ஒரு சமயத்தில் முப்பத்திரண்டு சுரங்களைத்தான் தாங்க முடியும். முப்பத்து மூன்றாவது வந்தால், ஒலித்துக்கொண்டிருப்பவற்றில் எது முதலில் தொடங்கியதோ அதைக் கேட்காமல் வெட்டிவிடும். அவளுக்கும் தெரியும். எண்ணிப் பார்த்துத்தான் வைத்தாள். இருபத்து நாலாவது கட்டத்தில் வயலின்கள் எல்லாம் சேரும்போது இருபத்தெட்டு. வீடு நான்கு. சரியாக முப்பத்திரண்டு.

பாட்டை மறுபடி மறுபடி ஓடும்படி விட்டுக் கேட்டாள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஓடும் கட்டத்தின் எண் பெட்டியின் சிறு திரையில் மாறிக்கொண்டே வந்தது.

இருபத்து நாலு. பதினாறாவது விளக்கு மினுக்கியது. ஹெட்போனில் மின்விசிறியின் சத்தம் அறுந்தது.

எங்கிருந்தோ ஒரு சுரம் கூடுதலாக வருகிறது. எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றியதும் எதுவோ குறைந்தது. சன்னல் வழியே சாய்வாக விழுந்த வெயிலில் தூசி மிதந்தது, பெட்டியின் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது, கூடத்து மேசையில் செய்தித்தாளின் ஓரம் படபடத்தது, அதற்கு மேலே மின்விசிறி எப்போதும் போல வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பழைய கடகடப்பு இல்லை. காற்று மட்டும் வந்தது.

காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். விரலைச் சொடுக்கினாள். கேட்டது.

அடுத்த சுற்றில் விளக்கு இரண்டு முறை மினுக்கியது. சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த உறுமல் நின்றது. எழுந்து கூடத்துக்குப் போனாள். மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் அசையாமல் நின்றன. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. செய்தித்தாள் படிந்து கிடந்தது.

முதலில் சத்தம் போகிறது. அடுத்த சுற்றில் அந்தப் பொருள்.

அவள் மனம் அதை ஒரு சோதனைக் குறிப்பு போலத்தான் முதலில் எழுதிக்கொண்டது. பிறகுதான் அடுத்தது எது என்று உறைத்தது. சமையலறைக்கு ஓடி ஃப்ரிட்ஜின் கதவில் கை வைத்தாள். இன்னும் லேசாக அதிர்ந்தது. நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் விளக்கு மும்முறை மினுக்கும் பச்சை ஒளி சுவரில் பட்டது. கைக்குக் கீழே அதிர்வு அடங்கியது. கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு.

“அப்பா” என்றாள்.

தொண்டை அதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாவது சானல். அவள் முனகிய ‘ம்’.

அப்பாவின் அறை வாசலுக்குப் போனாள். மார்பு ஏறி இறங்கியது. மூச்சு கேட்டது. இப்போது வீட்டில் மிஞ்சியிருந்த சத்தம் அது ஒன்றுதான். எழுப்புவதா? எழுப்பி என்ன சொல்ல, எதால் சொல்ல?

பெட்டியிடம் ஓடி வந்தாள். பதினாலு. பதினைந்து. வயலின்களின் ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாள். பயனில்லை, கேட்காத சுரமும் கணக்கில் சேரும். சுரங்களை அழிக்க வேண்டுமானால் பாட்டை நிறுத்த வேண்டும்.

சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

வைத்ததும் நினைவுக்கு வந்தது. இதை அழுத்தினால் பெட்டி சும்மா நிற்காது. பதினாறு சானல்களுக்கும் ஒரு கட்டளை போகும். ஒலிக்கும் எல்லாவற்றையும் அணை. அப்பாவின் மூச்சு ஒலிக்கும் நான்காவதற்கும் சேர்த்து.

மின்சாரத்தைப் பிடுங்கினால்? தெரியாது.

பத்தொன்பது. இருபது.

அழுத்தாவிட்டால் அப்பாவுக்கு இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. அழுத்தினால் எல்லாமே சரியாகலாம். ஆகாமலும் போகலாம். இருபத்திரண்டு. அழுத்து. அழுத்தாதே. இருபத்து மூன்று.

இருபத்து நாலு.

உள்ளறையில் மூச்சுச் சத்தம் நின்றது.

விரலை அழுத்த முயன்றாள். விரல் இறங்கவில்லை. எடுக்க முயன்றாள். எழவில்லை. தோள், கழுத்து, கால். எதுவும் அசையவில்லை. மின்விசிறி, ஃப்ரிட்ஜ், அடுத்து அவள். கண் திறந்தது திறந்தபடி. திரையும் அறையின் வாசலும் தெரிந்தன.

அடுத்த சுற்று. கட்டம் ஒன்று.

ஆறாவது கட்டத்தில் அப்பா வாசலில் வந்து நின்றார். தலைமுடி கலைந்திருந்தது. உதடுகள் அசைந்தன. ‘விஞ்ஞானி’ என்ற வடிவம். சத்தம் இல்லை. காதுக்குள் விரல் விட்டுக் குடைந்தார். தன்னைத் தானே கேலி செய்வது போலச் சிரித்தார். மறுபடி ஏதோ சொன்னார்.

பதினொன்று.

கிட்டே வந்தார். அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். சிரிப்பு மறைந்தது.

பதினாறு. தோளைப் பிடித்து உலுக்கினார். உதடுகள் வேகமாக அசைந்தன.

பத்தொன்பது. கதவைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். அவளை விட்டுப் போக மனம் வரவில்லை.

போங்கப்பா. வெளிய போங்க.

இருபத்தொன்று. உள்ளங்கையால் அவள் கன்னத்தைப் பிடித்தார். தூக்கத்தின் வெதுவெதுப்பு இன்னும் அந்தக் கையில் இருந்தது. அவர் கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டது.

இருபத்து மூன்று.

இருபத்து நாலு.

துளி விழவில்லை.

இருபத்தைந்து. இருபத்தாறு. கை அவள் கன்னத்திலேயே இருந்தது. மெல்லக் குளிரத் தொடங்கியது.