காலியாக ஒலித்த கல்

வெயில் படாத பின்தோட்டம் என்றாலே எனக்கு எரிச்சல்தான். பாசி, நத்தை, ஊறிப்போன மண். இங்கிலாந்தின் ஹல் ஊரில், நாங்கள் கல் பதிக்கப் போன அந்தத் தெரு வீடுகளுக்குப் பின்வழியும் கிடையாது. கல், மணல், சிமெண்ட் எல்லாவற்றையும் சமையலறை வழியாகத்தான் சுமந்தாக வேண்டும். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் சுவர்.

வீட்டுக்காரி ரோசலிண்ட் அம்மாவுக்கு அப்போது, 1982-இல், ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. "முழுக்கக் கல்லப் பரப்பிடுங்க. ஓரமா தொட்டியில பெரணி, ஐவிக்கொடி வச்சாப் போதும். மண்ணு என் கண்ணுலயே படக்கூடாது," என்றார்.

"களை பிடுங்கச் சோம்பேறித்தனம்," என்று நெவில் என் காதில் கிசுகிசுத்தான். என் தங்கை புருஷன். வாய் ஓயாது, ஆனால் கல் பதிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் நான் தங்கை முகத்தில் விழிக்க முடியாது.

மண்ணைச் சமப்படுத்தும்போது மண்வெட்டி வளைந்த தகரம் ஒன்றில் இடித்தது. இரண்டாம் உலகச் சண்டைக்காலத்துப் பதுங்குகுழி, விமானக் குண்டுக்குப் பயந்து வெட்டியது. எங்கள் ஊரில் பல தோட்டங்களில் உண்டு. தோண்டி எடுப்பதுதான் முறை. "வேணாம், மேலயே போட்டு மூடுங்க," என்றார் அந்தம்மா, வாசற்படியைத் தாண்டாமலே. வேலை மிச்சம் என்று நாங்களும் மணலைக் கொட்டி மூடினோம்.

மதியத்துக்கு மேல் கல் பதித்தோம். ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காது கொடுக்க வேண்டும். அடியில் மணல் நிறைந்திருந்தால் 'தொப்' என்று கேட்கும். காலியாக இருந்தால் 'டொங்'.

நடுக்கல் 'டொங்' என்றது.

நெவில் மறுபடி தட்டினான்.

அடியிலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

"எலிடா," என்றேன்.

"எலி எப்ப மச்சான் சுத்தியல் வாங்குச்சு?" என்று சிரித்தவன், வேண்டுமென்றே தாளம் போட்டுத் தட்டினான். அதே தாளம் கீழிருந்து வந்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நனைந்த கம்பளி நாற்றமும், அணைந்த மெழுகுவத்தியின் புகை நெடியும் கல்லிடுக்கிலிருந்து கிளம்பின.

"தட்டாதீங்க!" வாசற்படியில் அந்தம்மா வெளிறிப்போய் நின்றார். "சண்டை நேரத்துல, குண்டு போட்டு முடிஞ்சதும் காவலுக்கு இருக்கறவர் வந்து தகரத்துல தட்டுவாரு. ஆபத்து போயிருச்சு, வெளிய வாங்கன்னு அர்த்தம். உள்ள இருக்கறவங்க திருப்பித் தட்டணும். என் தம்பியும் தட்டினான். சுவர் இடிஞ்சு வழிய அடைச்சிருச்சு. மறுநாள் பொணமாத்தான் எடுத்தாங்க. கொண்டுபோய்ப் புதைச்சும் ஆச்சு. ஆனா அவன் தட்டுறத நிறுத்தலையே!"

 மத்தியானம் முழுக்க நாங்கள் அவனை வெளியே வா, வெளியே வா என்று கூப்பிட்டிருக்கிறோம். கூப்பிட்டுவிட்டு, கல்லை வைத்து மூடியிருக்கிறோம்.

நெவில் அதற்குள் கம்பியால் கல்லை நெம்பிவிட்டான். போட்ட மணலைக் காணோம். தகரத்தில் ஓட்டை, அதற்குள் கும்மிருட்டு. "சின்னப் பையனா?" என்று கேட்டுக்கொண்டே கையை உள்ளே விட்டான் பாவி.

"மச்சான்," என்றான் மெல்ல. "கையப் பிடிச்சிருச்சு."

நான் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். முழங்கை வரை இருந்த கை இன்னும் உள்ளே போனது. பின்னால் 'கிளிக்' என்று சத்தம். அந்தம்மா சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

"மூடுங்க. மூடினாத்தான் திறப்பேன்," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"இவன் கை உள்ள இருக்கு பொம்பளே!"

"மூடுங்க."

குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிவிடும். சுற்றிலும் சுவர், ஏறிப் போக வழியில்லை. கத்தினேன், எந்தச் சன்னலும் திறக்கவில்லை. நெவிலின் கன்னம் கல்லோடு அழுந்திக் கிடந்தது.

"முரட்டுத்தனமா இழுக்காத மச்சான்," என்று முணுமுணுத்தான். "அது என்னை இழுக்கல."

"பின்ன?"

"தூக்கச் சொல்லுது."

வேறு என்ன செய்வது? அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு மெதுவாகத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஆள் கனம் மட்டும் இல்லை அது. அங்குலம் அங்குலமாகக் கை வெளியே வந்தது. கையில் ஒன்றுமே இல்லை.

கீழே தட்டுகிற சத்தம் இல்லை.

தாழ்ப்பாள் திறந்தது. நாங்கள் கடந்து போகும்போது அந்தம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றார், இரண்டு பேர் போகத் தேவையானதைவிட அதிகமாக இடம் விட்டு. அவர் கண்கள் நெவிலின் இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வேனில் நெவில் ஏறி உட்கார்ந்தான். ஒரு கை மட்டும் கதவுக்கு வெளியே, தாழ்வாக, எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தது.

"அதான் விட்டுருச்சு இல்லடா. வீட்டுக்குப் போலாம்," என்று கதவைச் சாத்தப் போனேன்.

"இரு மச்சான்," என்றான். "இன்னும் ஏறல."