பயம் முந்திக்கொள்ளும்

மூன்றாவது முறையும் எண்ணப்பட்டை அதையேதான் எழுதியது: 'எனக்கு எதுவும் தெரியாது. என் வேலை போய்விடக் கூடாது.'

ஜெசிந்தா பட்டையை நெற்றியிலிருந்து கழற்றினாள். கடலடிச் சுரங்கத்தில் அவளோடு வேலை பார்த்த கித்தேரியான் இறந்து ஒரு மாதம் ஆகிறது. காற்று வால்வு இறுகிப்போய், மூச்சுக்குத் தவித்துச் செத்தான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிய கோப்பு இன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். அவன் செத்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது மணி நாலரை.

"பட்டை பொய் சொல்லாதும்மா," என்றார் சுரங்கத்தின் முறையீட்டு அதிகாரி அரவாழி. "மனசுல எது ஓங்கி நிக்குதோ அத அப்படியே எடுத்துரும்."

"பொய்யின்னு நான் சொல்லல சார். பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டேதான் படியேறி வந்தேன். உங்க பட்டை பயத்த மட்டும் எழுதிட்டு, நான் சொல்ல வந்தத விட்டுருது."

அந்த முறையீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு வகையினருக்கும் ஒரு கருவி. முதியவர்களுக்குப் பேச்சுக்குழல், காது கேளாதவர்களுக்குச் சைகைக்கண்ணாடி. மற்ற எல்லோருக்கும் பட்டைதான். பேசியும் தட்டியும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. மூளையில் அடிபட்டவர்களுக்காக மட்டும் மூலையில் ஒரு விசைப்பலகையை உறைபோட்டு வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தா போய் அந்த உறையை உருவினாள்.

"அது உங்க வகைக்கு இல்ல. மூளையப் படிக்க முடியலன்னு டாக்டர் எழுதித் தரணும்."

"மூணு தடவ படிச்சும் உங்க பட்டைக்குப் புரியலயே. இதுக்கு டாக்டர் வேற வரணுமாக்கும்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினாள். 'எனக்கு எதுவும்' என்றுதான் விரல்களும் தொடங்கின. நிறுத்தி, அழிப்பு விசையை அழுத்தினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. பட்டையில் இந்த வசதி கிடையாது. அதில் மனதில் எழுந்தது எழுந்ததுதான். மறுபடி தட்டினாள்: 'கித்தேரியான் வால்வைத் திறக்கப் பார்த்தான். கைப்பிடி அசையவில்லை. நான் பார்த்தேன்.'

அரவாழியின் முகம் சிவந்தது. மறுப்பாணை பிறப்பித்தால் அவள் திரை அணைந்துவிடும். ஆணையும் பட்டை வழியாகத்தான் சுவரில் ஏறும் என்பதால் தன் பட்டையை மாட்டிக்கொண்டார். 'தகுதியற்றவர் விசைப்பலகையைப் பயன்படுத்தியதால்' என்று நினைக்கத்தான் முயன்றார். ஆனால் அவர் கண் அவள் திரையில் வளரும் வரிகளை விட்டு நகரவில்லை.

கூடத்துச் சுவரில் அவருடைய ஆணை ஒளிர்ந்தது: 'அந்த வால்வு பழுது என்று கித்தேரியான் மூன்று முறையீடு கொடுத்தான். மூன்றையும் விசாரிக்காமல் நான்தான் மூடினேன். இவளுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.'

யாரும் சிரிக்கவில்லை. பட்டை எழுதியதை யாராலும் திரும்பப் பெற முடியாது.

"ஜெசிந்தாம்மா." அவர் குரல் இறங்கியிருந்தது. "அது நான் சொன்னது இல்ல. சும்மா ஒரு பயம். பயத்துல என்னென்னமோ வரும்லா."

"தெரியும் சார்," என்றாள் அவள், தட்டுவதை நிறுத்தாமல். "அந்த மூணு முறையீட்டோட நம்பரையும் சொல்லுங்க. இதுலயே சேத்துருதேன்."