பத்துக்கு எத்தனை?

ஏசுரத்தினத்துக்கு மலையாளம் பேசினால் புரியும், வாசிக்கத்தான் வராது. "எல்லா எழுத்தும் ஜிலேபி பிழிஞ்ச மாதிரில்லா இருக்கு" என்பார். அதனால் ஆஸ்பத்திரிக்கு எப்போது போனாலும் மகள் ஜோமோளும் கூடப் போக வேண்டும். அவள் மலையாளப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள்.

ஏசுரத்தினம் கேரள எல்லையிலிருந்த கம்பம்மெட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்தார். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, இரண்டு மாதமாக ஆறவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரிஞ்சு சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்தார். "பழக்கத்தை மாத்த எவ்வளவு மனசிருக்குன்னு நீங்களே மார்க் போடணும். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்து ஜோமோள் வாசித்தாள்.

"தினமும் நடக்க எவ்வளவு மனசிருக்கு?"

"பத்து" என்றார் அப்பா.

"டீயில சீனியைக் குறைக்க?"

"பத்து."

"செருப்பு போட்டு நடக்க?"

"பத்து. எல்லாத்துக்கும் பத்து போட்டுரு. கிளம்புவோம்."

ஜோமோளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அப்பா, இப்ப வர்ற வழியில என்ன குடிச்சீங்க?"

"டீ."

"சீனி?"

"அது கடைக்காரர் போட்டது."

"எண்ணெயில பொரிச்ச பழம்பொரி?"

"அது பழம்தானே!"

"அப்புறம் எதுக்குப் பத்து?"

"சிஸ்டர் சந்தோஷப்படட்டும்னுதான். பாவம், மெனக்கெட்டு அச்சடிச்சுக் கொடுத்திருக்கு."

ஜோமோள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வீட்டிலும் இதே கதைதான். அம்மா கெஞ்சினாள், சீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். ஜோமோள் சுவரில் அட்டவணை ஒட்டினாள். எல்லாவற்றுக்கும் அப்பா சொன்னது "சரி, சரி". மாட்டேன் என்றால் சண்டை போடலாம். சரி என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் பேனாவை எடுத்தாள். மூன்று கட்டத்திலும் பெரிதாக '1' என்று எழுதினாள்.

எழுத்துதான் தெரியாதே தவிர, எண் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

"ஏட்டி! என்ன ஒண்ணு போட்டிருக்கே?"

"உள்ளதைத்தான் போட்டேன்."

"ஒண்ணா? நான் என்ன அவ்வளவு மோசமா?" அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "செவ்வாக்கிழமை கோயில் வரைக்கும் நடந்தே போனேன்லா? முன்னால டீக்கு நாலு கரண்டி, இப்ப மூணு. சாயங்கால டீயை விட்டே ஒரு வாரமாச்சு. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது!"

ஜோமோள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா? ஏன் விட்டீங்க?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"போன மாசம் டாக்டர் நோட்டுல எழுதினதை வாசிச்சியே, 'புண் ஆறலைன்னா'ன்னு... அதோட நிறுத்திட்டே. மீதியை உன் முகத்துலதான் படிச்சேன். இன்னொரு தடவை அப்படி ஒண்ணை நீ வாசிக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

விரலை எடுக்க வேண்டி வரலாம் என்பதுதான் அந்த மீதி. ஒரு மாதமாக ஜோமோள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எத்தனை போட?"

இந்த முறை அப்பா யோசித்தார். "நடக்க நாலு. சீனிக்கு அஞ்சு. அதுக்கு மேல போட்டா பொய்."

"செருப்புக்கு?"

"ஒண்ணே இருக்கட்டும். அந்தச் செருப்பு புண்ணுல உரசுது. உயிர் போகுது."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"எல்லாரும் 'போடு, போடு'ன்னாங்க. ஏன் போடலைன்னு யாரு கேட்டா?"

ஜோமோளுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. இந்த முறை யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பழைய எண்களை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதினாள். கீழே, 'செருப்பு புண்ணில் உரசுகிறது' என்று மலையாளத்தில் எழுதினாள்.

தாளைப் பார்த்த ரிஞ்சு சிஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். "காலையிலிருந்து இருபத்திரண்டு பேர் கொடுத்தாங்க. எல்லாம் பத்து. இவங்களுக்கெல்லாம் நான் எதைச் செய்யறதுன்னு பைத்தியமே பிடிச்சிருச்சு. இதுலதான் எனக்கு ஒரு வேலை இருக்கு."

சர்க்கரை நோயாளிகளுக்கென்று விரலை உரசாத, மெத்தென்ற செருப்பு செய்து தருவார்கள் என்றார் சிஸ்டர். அதற்குக் கால் அளவு வேண்டும். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் விரித்தார். அப்பா அதன்மேல் காலை வைத்தார். ஜோமோள் மண்டியிட்டு, பென்சிலைக் காலைச் சுற்றி ஓட்டினாள்.

பாதி தூரம் போனதும் கால் துள்ளியது. கோடு கோணிப் போனது.

"அப்பா! ஆடாம நில்லுங்க!"

"ஏட்டி, கூசுது!"

"கூசுதா?" சிஸ்டர் சிரித்தார். "சுகர்காரங்க பல பேருக்கு உள்ளங்காலில் உணர்ச்சியே போயிரும். கூசுறது நல்லதாக்கும்."

ஜோமோள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு சுற்று வரைந்தாள்.